டேப்புக்குள் ஒரு டாஸ்

பிரவுசரில் ஒரு டேப். அதற்குள் கறுப்புத் திரை, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் எழுத்துகள். கொஞ்ச நேரத்தில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டு ஓடத் தொடங்கிவிடுகிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2015 ஜனவரியில் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளைத் திறந்துவிட்டது. அவற்றை ஓட்டுவது, பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற, சி++ மொழியில் எழுதப்பட்ட மென்பொருள். எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி அதை பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. விளையாட்டுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. இன்னும் 1990 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

ஓடிவரும் இளவரசன் சட்டென்று நிற்பதில்லை. கால் சறுக்கி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அப்புறம்தான் நிற்கிறான். விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து வரைந்த அசைவு அது. இன்றைய பளபளக்கும் விளையாட்டுகள் பலவற்றில் உடம்புக்கு இந்தக் கனம் கிடையாது.

ஒரே தொல்லை, விளிம்பைப் பிடித்துத் தொங்க ஷிஃப்ட் வேண்டும். அதை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் இன்றைய விண்டோஸ் குறுக்கே வந்து, 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று விசாரிக்கிறது. பதில் சொல்வதற்குள் இளவரசன் முள்ளில் விழுந்திருப்பான்.