காஞ்சியிலிருந்து வந்த மூவரும் மலையில் இருந்த பெண்களும்: கொல்லிமலை மலையாளிகளின் தோற்றத் தொன்மம் – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினரின் தோற்றத் தொன்மம், காஞ்சிபுரத்திலிருந்து மூன்று உடன்பிறந்தார் மலையேறி வந்த குடிப்பெயர்வுச் செய்தியாகவே காலனிய ஆவணங்களில் வாசிக்கப்பட்டது. பின்வந்த எழுத்துகளிலும் அவ்வாசிப்பு தொடர்கிறது. அத்தொன்மத்தில் மலைநாட்டுப் பெண்கள் பெறும் இடத்தை இக்கட்டுரை முன்னிறுத்துகிறது. 'வந்தேறியோர்' என்னும் முடிவு கதையின் ஒரு பாதியை மட்டுமே கேட்டதன் விளைவு என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, மலையாளிகள், கரிராமன், தோற்றத் தொன்மம், தாய்வழி, பழங்குடிப் பட்டியல்

முன்னுரை

சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலை காரவள்ளியில் சமவெளியை விட்டு நீங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே மேலேறுகிறது. கொல்லியைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் இதே திசையில், கீழிருந்து மேலாகவே, அம்மலை மக்களின் வரலாற்றைக் கண்டுள்ளனர்.

தமிழாய்வாளருக்குக் கொல்லி முதலில் சங்க இலக்கியத்தின் மலை. குறுந்தொகை 89, 100 ஆகிய பாடல்களிலும் நற்றிணை 185, 192, 201 ஆகிய பாடல்களிலும் கொல்லிப்பாவை இடம்பெறுகிறது. வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அகநானூறு 209 தருகிறது. இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடைபெறுகிறது. ஆனால் மலையில் வாழும் மலையாளிகளின் தோற்றக்கதையாக ஆவணங்களில் பதிவான வடிவங்களில் ஓரியும் இல்லை, பாவையும் இல்லை. அக்கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. (இவர்களின் தெய்வமான கரிராமன் பெயரைக் காரியோடு இணைக்க விரும்புவோர் உண்டாகலாம். ஒலியொப்புமை ஒன்றே அதற்குச் சான்றாகாது. காஞ்சி வரதராசருக்குக் கரிவரதர் என்னும் பெயரும், அவர் கோயில் கொண்ட இடத்திற்கு அத்திகிரி என்னும் பெயரும் வழங்குவது அதைவிடப் பொருத்தமான ஊகத்திற்கு இடந்தரும்.)

'மலையாளி' என்பது இங்கு மலைவாழ்நரைக் குறிக்கும். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இம்மக்களுக்கும் கேரள மலையாளிகளுக்கும் பெயரளவிலன்றி வேறு தொடர்பில்லை.

பதிவான வடிவங்கள்

1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இக்கதையை இவ்வாறு பதிவு செய்கிறது: மலையாளிகள் முன்பு காஞ்சி வேளாளர், தென்னிந்தியாவில் இசுலாமியர் ஆட்சி ஓங்கியிருந்தபோது, ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன் மலைக்கு வந்தனர், மூன்று உடன்பிறந்தாரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், இரண்டாமவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர். திருச்சிராப்பள்ளி மாவட்டம் குறித்து 1907இல் ஹெமிங்வே தந்த வடிவம் இதனின் வேறுபட்டது. அதில் காஞ்சி அரசனோடு பகை கொண்ட அவன் உடன்பிறந்த பூசகர் ஒருவர் தம் மூன்று மகன்களோடும் பெண்மக்களோடும் வெளியேறுகிறார். நடுவண்ணன் பச்சைமலையையும் சின்னண்ணன் கொல்லிமலையையும் கொள்கின்றனர். இரண்டு வடிவங்களிலும் மூத்தவருக்குச் சேர்வராயனே உரியது. ஏனைய இரு மலைகளும் இடம் மாறுகின்றன. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுதிகளுள் நான்காவது இவ்வடிவங்களை அடுத்தடுத்து வைத்துத் தருகிறது. ஆயினும் மலையாளிகள் சமவெளியிலிருந்து அண்மையில் குடியேறிய தமிழரே என்னும் கருத்தை அது விடவில்லை.

பத்துத் தலைமுறை என்னும் கணக்கைச் சற்று நெருங்கி நோக்கலாம். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் எனக் கொண்டால், 1883இலிருந்து பின்னோக்கிய காலம் ஏறத்தாழ 1583க்கும் 1633க்கும் இடைப்பட்டதாகும். அக்காலத்தில் காஞ்சிப் பகுதி விசயநகர மரபினரின் ஆட்சியில் இருந்தது; கோல்கொண்டாவின் படைகள் அங்கு வந்தது 1640களில்தான். தலைமுறைக்கு 20 ஆண்டுகள் எனச் சுருக்கினால் மட்டுமே கணக்கு ஒருவாறு பொருந்தும். 1311இல் நிகழ்ந்த மாலிக் கபூரின் படையெடுப்பைக் கருதினால் தலைமுறை எண் போதாது. வாய்மொழி மரபில் 'பத்துத் தலைமுறை' என்பது நெடுங்காலம் என்பதைச் சுட்டும் வழக்கு. அதனை ஆண்டுக்கணக்காகப் பெயர்த்தது ஆவணத்தின் தேவை, கதையின் தேவையன்று.

மூவர் என்னும் அமைப்பு

சேரன், சோழன், பாண்டியன் மூவரும் கொற்கையில் ஒன்றாக வாழ்ந்த உடன்பிறந்தார் என்னும் மரபைக் கால்டுவெல் குறித்துள்ளார். கள்ளர், மறவர், அகமுடையார் ஆகியோரை இந்திரன்வழி வந்த மூன்று உடன்பிறந்தாராகக் கூறும் கதையைத் தர்ஸ்டனே தருகிறார். இவற்றைக் கொண்டு மூவேந்தரின் குடிப்பெயர்வுக்குக் காலம் கணிக்க எவரும் முற்படவில்லை. மூன்று குழுக்களிடையே உள்ள நெருக்கத்தையும் மூப்பு இளமையையும் கூறும் உறவுமொழியாகவே அவை கொள்ளப்படுகின்றன. மலையாளிகளின் கதைக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்கப்பட்டது. சேர்வராயன் மலையோர் பெரிய மலையாளிகள் என்றும் கொல்லிமலையோர் சின்ன மலையாளிகள் என்றும் வழங்கப்பட்டமை, இக்கதையும் மலைகளின் உறவுமுறையையே முதன்மையாகப் பேசுகிறது என்பதற்குப் போதிய சான்று.

மலையில் இருந்த பெண்கள்

ஹெமிங்வேயின் வடிவத்தில் இதுவரை உரிய கவனம் பெறாத பகுதி ஒன்றுண்டு. வந்தோரை அங்கு ஆண்ட வேடரும் வேளாளரும் எதிர்க்கின்றனர். சங்கு முழங்கச் சக்கரம் பகையை அறுக்க, வந்தோர் வெல்கின்றனர். அதன்பின் மூவரும் அந்நாட்டுப் பெண்களை மணக்கின்றனர்: சடையக் கவுண்டன் என்னும் பெரியண்ணன் கைக்கோளர் பெண்ணையும், நடுவண்ணன் வேடர் பெண்ணையும், கொல்லிமலையைக் கொண்ட சின்னண்ணன் தேவேந்திரர் குலப் பெண்ணையும். போருக்குப்பின் உணவளித்த தொட்டியர் ஒருவருக்குத் தம் தங்கையைக் கொடுக்கின்றனர்.

இது வெறும் கதையாக நிற்கவில்லை என்பதே முதன்மையானது. பச்சைமலைப் பெண்கள் கணவருக்குப் பரிமாறுமுன் ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு பங்கை வேட முன்னோருக்கென எடுத்துவைத்ததையும், திருமணத்தில் வேடர்க்குரிய அணியாகக் கருதப்பட்ட சீப்பை அணிந்ததையும் ஹெமிங்வே குறிக்கிறார். மணப்பந்தலில் மணமகன் வாளும் அம்பும் வைப்பான். கொல்லிமலையில் தேவேந்திரர் குலப் பெண்கள் மலையாளி ஆடவரை 'மச்சான்' என விளித்தனர். வெற்றியை ஆண்கள் வாளால் நினைவுகூர, பெண்கள் தம் தாய்வழியை அன்றாட உணவால் நினைவுகூர்ந்தனர். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நிகழ்ந்தன. இவ்வளவையும் எழுதிய ஆவணமே இறுதியில் மலையாளிகளை வந்தவர்களாக மட்டும் கணக்கிட்டது வியப்புக்குரியது. தந்தைவழியே குலம் என்னும் முற்கோள் இன்றி அம்முடிவுக்கு வர இயலாது.

எனினும் இக்கதையைப் பெண்களின் குரலாக உயர்த்திப் பேசுவதும் பிழையாகும். மூன்று ஆடவருக்கும் பெயர் உண்டு. மூன்று மனைவியருக்கும் கொடுக்கப்பட்ட தங்கைக்கும் குலப்பெயரும் முறைப்பெயருமே உண்டு. வேளாளர் என்னும் உரிமைக்கோரலில் சமவெளிச் சாதிப்படிநிலையை நோக்கிய விருப்பமும் கலந்துள்ளது.

வழிபாடும் இவ்வாறே இருதிசைப்பட்டது. காஞ்சியிலிருந்து வந்த கரிராமனைப் போற்றுவோரே, தேவார வைப்புத்தலமாகக் கருதப்படும் அறப்பள்ளியின் ஈசனையும் வளப்பூர் நாட்டில் வழிபடுகின்றனர். மறுபுறம், மாசி பெரியண்ணசாமியைக் குலதெய்வமாகக் கொண்ட சமவெளிக் குடும்பங்கள் பல, நாமக்கல், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து மலையேறி வருகின்றன. அக்குடும்பங்களின் முன்னோர் மலையிலிருந்து இறங்கியவர்கள் என இதைக்கொண்டு எவரும் முடிவு செய்வதில்லை.

பட்டியலும் தொன்மமும்

இவ்வாசிப்பின் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு பழங்குடியை அடையாளம் காணத் தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம் முதலியவற்றை அளவுகோலாக்கியது. காஞ்சி வேளாளர் எவ்வாறு பழங்குடியாவர் என்னும் ஐயத்திற்குத் தொன்மத்தின் தந்தைவழிப் பாதி எளிதில் கருவியாகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பட்டியல் மலையாளிகளைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டும் ஏற்றது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லில் கொல்லிமலை அடங்குவதால் அங்குள்ளோர்க்கு அவ்வுரிமை உண்டு. கோயம்புத்தூர் அப்பட்டியலில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதனால் பழங்குடிச் சான்று பெற இயலாது, நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்து வருகின்றனர். மலைகளை உடன்பிறந்தாராகக் கண்ட கதையை அரசு ஆவணங்கள் குடிப்பெயர்வுச் சான்றாக ஏற்றன. அக்கதை கூறிய உறவைப் பட்டியல் மாவட்ட எல்லையில் நிறுத்தியது.