செப்டம்பரில் போட வேண்டிய ஊசி

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாலை. மூன்று நாளாக விடாத மழை. திருச்சியில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் உட்கார இடமில்லை. டோக்கன் நாற்பதைத் தாண்டியிருந்தது. என் பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது, இருபது ஆண்டுச் சர்க்கரை நோய். உடம்பு அனலாய்க் கொதிக்க, மூட்டு வலியில் முனகிக்கொண்டே உள்ளே போனவர், தானே சட்டைக் கையை மடித்துவிட்டு, “ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க டாக்டர், காலையில எந்திரிச்சிடுவேன்” என்றார். மருத்துவர் அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்: “போட வேண்டிய ஊசிய செப்டம்பர்லயே போட்டிருக்கணும் ஐயா.”

நான்கே நாளில் அது நிமோனியா ஆனது. பதினொரு நாள் மருத்துவமனை. பிழைத்து வந்தார். ஆனால் மாடிப்படி ஏறுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

காய்ச்சல் வந்த பின் ஊசியைக் கேட்டு வாங்கும் நாம், வருமுன் போட வேண்டிய ஊசியைப் பற்றி நினைப்பதே இல்லை. அந்த ஊசி அப்படிக் கேட்டு வாங்கத் தக்கதுதானா? ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) தடுப்பூசி என்ற வழக்கத்தின் நிறையையும் குறையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. ஃப்ளூ வேறு, சாதாரணச் சளி வேறு. சளி மெல்ல மெல்ல வரும், மூக்கோடு நின்றுகொள்ளும். ஃப்ளூ, காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் படுக்கையில் தள்ளும். உடல் முழுதும் வலி, நடுக்கம், வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து வரும். உலகில் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் வரும் மூச்சுக் கோளாறுகளில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கொள்ளைநோய் இல்லாத, சாதாரண ஆண்டுகளின் கணக்கு இது.

இந்த வைரஸை 1933-இல் லண்டன் ஆய்வாளர்கள் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். அது ஓயாமல் மேலுறையை மாற்றிக்கொள்வதால், அம்மைக்குப் போடுவதுபோல் சிறுவயதில் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. 1952 முதல் இயங்கும் உலகக் கண்காணிப்பு வலைப்பின்னல் நாடு நாடாக மாதிரிகளைச் சேகரிக்கிறது. அதை வைத்து பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் அடுத்த பருவத்துக்கான கலவையை நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். இந்த ஊசியின் வலிமை, பலவீனம் இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. இது பல மாதங்களுக்கு முன்பே செய்யப்படும் கணிப்பு.

கணிப்பு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருகிற வாய்ப்பை ஊசி ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டால் இது குறைந்த மதிப்பெண்தான். ஆனால் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு நோயின் கடுமை குறைகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போவோர் குறைகிறார்கள். பெரியப்பாவின் பதினொரு நாள், மூன்று நாளாகியிருக்கலாம். அல்லது வீட்டோடு முடிந்திருக்கலாம்.

நுரையீரலோடு நிற்கும் நோயும் அல்ல இது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு ஆவதைக் கண்டது. மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த பெரியவர் திடீரென மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்படும்போது, இரண்டையும் நாம் முடிச்சுப் போடுவதில்லை, போட வேண்டும். கர்ப்பிணி போட்டுக்கொண்டால் பயன் இரண்டு உயிருக்கு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தாயிடமிருந்து வரும் எதிர்ப்பாற்றல்தான் அதற்குக் காவல்.

இனி குறைகள். கணிப்பு தவறும் ஆண்டுகள் உண்டு. 2014-15 பருவத்தில் எச்3என்2 என்ற வைரஸ் வகை உருமாறிப் போனதால் அமெரிக்காவில் ஊசியின் பலன் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பெரும்பாலான ஊசிகளுக்கான வைரஸ் இன்னமும் கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. முட்டைக்குப் பழகும்போது அதுவே சற்று உருமாறி, வெளியே சுற்றும் வைரஸிடமிருந்து விலகிவிடுவதும் உண்டு. போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். பிறகு மாதங்கள் செல்லச் செல்லக் கரையும். எல்லாவற்றையும் விட வருத்தமான குறை, முதியோர் உடலில் இது மந்தமாகவே வேலை செய்கிறது என்பது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது.

இவையெல்லாம் ஊசியின் குறைகள். தமிழ்நாட்டில் நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இன்னும் பெரிய குறைகள் இருக்கின்றன.

முதலாவது, நாட்காட்டி. வரைபடத்தில் இந்தியா வட அரைக்கோளத்தில் இருக்கிறது. ஆனால் நம் ஃப்ளூ ஐரோப்பாவின் பனிக்காலத்தைப் பார்த்து வருவதில்லை. மழையைப் பார்த்து வருகிறது. நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் உச்சம்; காஷ்மீரில் குளிர்காலத்தில். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரை ஒட்டி உச்சம் தொடுவதைக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. அப்படியானால் நமக்கு ஊசி போடும் காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை. நடப்பில், தெருவெல்லாம் இருமும்போதுதான் நமக்கு அந்த ஞாபகமே வருகிறது. ஒரே ஆண்டில் இரண்டு அரைக்கோளங்களுக்கான கலவைகளும் இங்கே கிடைக்கும் என்பதால், “எந்தப் பருவத்துக் கலவை?” என்று கேட்டுப் பெட்டியைப் பார்த்துப் போட்டுக்கொள்வது நல்லது. நாட்காட்டியும் முழுக் காவல் அல்ல. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவி, தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. புதுச்சேரியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

இரண்டாவது, விலை. பொதுமக்களுக்கான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. தனியாரிடம் ஒரு ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆறு பேர் இருக்கும் வீட்டில், ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பணத்தை யார் எடுத்துவைப்பார்கள்? வசதியுள்ள வீட்டின் திடமான இளைஞருக்குக் கிடைக்கும் ஊசி, கூலி வேலைக்குப் போகும் சர்க்கரை நோயாளிக்குக் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டம்மா ஊசியை மறுப்பவர் அல்ல. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர். இதை மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

மூன்றாவது, அந்த ஊசியை அவரவர் கவசமாக மட்டும் நாம் பார்ப்பது. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டது. 1994-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டன, அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியோர் என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. புள்ளிவிவரத்தை வைத்துச் செய்த கணிப்புதானே என்று தயங்குவோருக்கு இன்னொன்று: கனடாவில் தனித்து வாழும் ஹட்டரைட் என்ற சமயக் குழுவின் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போடாத மற்றவர்களுக்கு 61 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது என 2010-இல் முடிவு வந்தது. தாத்தாவின் உடல் ஊசியை ஏற்பதில் மந்தம் என்றால், பேரனின் உடல் நன்றாக ஏற்கிறது. அவன் பள்ளியிலிருந்து நோயைக் கொண்டுவராதிருந்தால் அதுவே தாத்தாவுக்கு வேலி. ஊசியின் மிகப் பெரிய குறைக்கு விடை அதே வீட்டில்தான் இருக்கிறது.

நம் கைவைத்தியத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். மிளகு ரசம், சுக்குக் கஷாயம், ஆவி பிடிப்பது எல்லாம் நோயாளிக்கு இதம், தொண்டைக்கு ஈரம். அந்த இதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை நோய் வராமல் தடுப்பவை அல்ல. ஒன்பது சரக்குகள் சேரும் நிலவேம்புக் குடிநீரைக் குடித்துவிட்டு, இனி ஃப்ளூ வராது என்று நம்பிப் பெரியவரை ஊசியில்லாமல் விடுவது ஆபத்து. ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோகும் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலையே செய்யாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்த மூன்று நாள் மாத்திரை பின்னாளில் நமக்கே எதிரியாகும்.

சோப்பு, முகக்கவசம், திறந்த ஜன்னல் ஆகியவற்றுக்கு விலை குறைவு, பலன் நிச்சயம் உண்டு. வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு கரைத்துவிடும். ஆனால் இவற்றுக்கும் எல்லை உண்டு. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே நாம் பரப்பத் தொடங்கிவிடுகிறோம். அந்த ஒரு நாளில், அறியாமல் பரவுவதைக் குறைக்க ஊசி உதவுகிறது. ஊசியை மீறி நோய் வந்தால், ஐந்தாறு நாள் வீட்டில் ஒதுங்குவது மற்றவரைக் காக்கிறது. ஆபத்துள்ளவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரும் ஒசெல்டாமிவிர் அடுத்த அரண். ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது.

ஒதுங்கச் சொல்வது எளிது. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும் என்றால் யார் ஒதுங்குவார்கள்? காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு முழு வருகைப் பரிசு கொடுக்கும் பள்ளி, எதைப் பாராட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். இங்கே சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பும் ஒரு தடுப்பு மருந்துதான்.

என் தீர்ப்பு இது. இந்த ஊசி பாதி வேலிதான். பாதி வேலியை நட்டுவிட்டு நிம்மதியாய்த் தூங்குவது தவறு. பாதிதானே என்று பிடுங்கி எறிவது அதைவிடப் பெரிய தவறு. அரசு எல்லோருக்கும் ஒரேயடியாகத் தர முடியாவிட்டாலும், கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை மற்றும் இதய நோயாளிகள், அவர்களோடு வாழும் சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு மழைக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரத் தொடங்க வேண்டும். பதினொரு நாள் மருத்துவமனைச் செலவைக் கண்ட குடும்பத்துக்கு அதன் லாபம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் வரிசை மாறிவிட்டது. முதல்முறை போடும் சின்னவனுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை என்பதால், அவனுக்கு ஆகஸ்ட்டிலேயே ஆரம்பித்தோம். இரண்டாவது தவணை நாளில் எல்லோரும் ஒன்றாகப் போனோம். அவன் அழாமல் போட்டுக்கொண்டு இறங்கியதும், பெரியப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.