கேடயத்துக்கு எட்டாத தூரம்

தென் தமிழ்நாட்டின் ராயகிரியைச் சுற்றியுள்ள சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் எல்லாம் பாளையக்காரர் போர்களில் அடிபட்ட பெயர்கள். 1755இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை முற்றுகையிட்டுப் பார்த்து, பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்தக் காலப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், திருச்சிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட காடுகளில் வாழ்ந்தவர்களின் ஆயுதமாக ஒரு நெடிய ஈட்டியைக் குறிப்பிடுகிறார். நீளம் 18 அடி. அதைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். கேடயம் ஏந்தக் கை மிச்சமிருக்காது.

கேடயமா, இருகை ஆயுதமா என்ற கேள்வி இன்று கணினித் திரையில் சூடாக ஓடுகிறது. சிவல்ரி, மோர்டாவ், மவுன்ட் அண்ட் பிளேட், கிங்டம் கம் போன்ற இடைக்காலப் போர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே சமன்பாட்டைக் கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுகின்றன. கேடயம் எடுத்தால் பாதுகாப்பு கூடும், அடி குறையும். இருகை வாள் எடுத்தால் அடி பலமாக விழும், வேகம் போய்விடும். டார்க் சோல்ஸில் வாளை இரு கையால் பிடித்த மாத்திரத்தில் வீரனின் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். ஆட்டத்தில் இரு தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டுமே, அதற்கு இந்தக் கணக்கு வசதி. கையில் கம்பு பிடித்துப் பழகியவர்களுக்குத்தான் இது இடிக்கும்.

ஒரு கை தள்ள, மறு கை இழுக்க, ஆயுதத்தின் நுனி பாய்ந்து திரும்பும். இரு கைப் பிடி தருவது வேகத்தைத்தான். ஐரோப்பிய நெடுவாளின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பாறாங்கல்லைத் தூக்குவதுபோல் அதைச் சுழற்றிய போர்வீரன் விளையாட்டு நிறுவனங்களின் கற்பனையில் மட்டுமே உண்டு. நம்மூர் சிலம்பாட்டமே போதுமான சாட்சி. நெற்றி உயரக் கம்பை இரு கையால் ஆடுபவர் ஒரு நொடியில் தலைக்கும் காலுக்கும் மாறி மாறி வீச்சு வைப்பார். தொடுமுறைப் போட்டியில் வெற்றியைத் தீர்மானிப்பது காலடி வைத்து எடுக்கும் தூரம். அடியின் பலத்துக்கு அங்கே இரண்டாம் இடம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. வாள்சண்டை ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் அந்தப் பந்தயங்களை ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம்.

கேடயத்துக்கும் இதே அநீதிதான். பல ஆட்டங்களில் அது பொத்தானை அழுத்தினால் எழும் சுவர். உண்மையில் அது இடது கையின் ஆயுதம். எதிரியின் கையை மறைக்கும், வாளை ஒதுக்கும், முகத்தில் இடிக்கும். லீட்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, 1300 வாக்கில் எழுதப்பட்ட ஜெர்மானிய வாள்பயிற்சிச் சுவடியில் சிறு கேடயத்தை முன்னே நீட்டி வாள் பிடித்த கையைக் காப்பதுதான் அடிப்படைப் பாடம். சிலம்ப ஆசான்கள் கற்றுத்தரும் மான்கொம்பும் இந்த இனந்தான்: தடுக்கும், அதே அசைவில் குத்தும். ‘தடுப்பு’ ஒரு பொத்தான், ‘தாக்கு’ இன்னொரு பொத்தான் என்று பிரித்துவிட்ட ஆட்டத்தில் மான்கொம்பை எங்கே வைப்பது?

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் முழு உடல் இரும்புக் கவசம் வந்தபின் பிரபுக்கள் பலர் கேடயத்தை விட்டார்கள். உடம்பே கேடயம் ஆனபோது இரு கையும் வாளுக்குக் கிடைத்தன. அப்படிப்பட்ட கவசம் தமிழ்நாட்டு வெயிலில் காலாளுக்கு வழக்கமாகவில்லை. அதனால் வாளோடு கேடயம் ஒட்டியே இருந்தது. இரு கை என்றால் இங்கே கம்பு, ஈட்டி. 1801 மார்ச் இறுதியில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமேல் நடந்த ஆங்கிலேயத் தாக்குதல் தோற்றதைக் கர்னல் வெல்ஷ் எழுதியிருக்கிறார். பீரங்கியால் சுவர் இடிந்திருந்தது. ஏறியவர்களை உள்ளிருந்து நீண்ட ஈட்டிகள் குத்தித் தள்ளின. துப்பாக்கி முனைக் கத்தி அந்தத் தூரத்துக்கு எட்டவில்லை.

தூரத்தை ஓரளவு மதிக்கும் ஆட்டம் மவுன்ட் அண்ட் பிளேட். கேடயமில்லாமல் கோடரியோடு ஓடுபவன் அம்புக்கு இரையாவான். கிட்டே வந்துவிட்டால் அதே கோடரி கேடயத்தைப் பிளக்கும். முதுகில் தொங்கும் கேடயம்கூட அம்பைத் தாங்கும். நுணுக்கமான கவனிப்பு இது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே வாள்வீரன் பதவி உயர்ந்து இருகை வாளுக்கு மாறும்போது கேடயம் போய்விடும். அம்பின் முன் அதற்கு அபராதமே இல்லை.

அந்த ஆட்டத்துக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கம், திராவிடர் என்றொரு தரப்பையும் ராஜேந்திர சோழன் படையெடுப்பையும் சேர்த்தது. தனிச்சிறப்பு வீரனாகக் கிடைத்தவர், உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் உருமிக்காரர். சுற்றியுள்ள பலரை ஒரே வீச்சில் வெட்டுவார். நெருக்கமான அணிவகுப்பில் உருமி சுழன்றால் முதல் காயம் பக்கத்தில் நிற்கும் சொந்தப் படையாளுக்குத்தான் என்பதை ஆட்டம் கண்டுகொள்வதில்லை. களரியில் உருமியோடு மறு கையில் பரிசை என்ற சிறு கேடயம் பிடிப்பதும் உண்டு. செங்கம் நடுகற்களில் வாளும் கேடயமுமாக நிற்கிற சாதாரண வீரனுக்கோ, எல்லா நாட்டுக்கும் பொதுவான அடிமட்டக் காலாளின் இடம்தான் கிடைத்திருக்கிறது.