மௌனத்தில் சமத்துவம் இருக்கிறதா?

குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக்கு முதன்முறை போய்வந்தவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே தினுசாக இருக்கிறது. பீடமில்லை, போதகரில்லை, பாட்டில்லை. ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மனதுக்கு அத்தனை ஆறுதல். அதோடு நிற்காமல், இங்கே மேல்கீழ் கிடையாது, வந்தவர் அனைவரும் சமம் என்றும் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். ஆறுதலை நான் மறுக்கவில்லை. தீர்ப்பைத்தான் மறுக்கிறேன்.

கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே குருமார் எதற்கு என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த நெறியைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் கேட்டது பெரும் துணிச்சல்; அதற்காகப் பலமுறை சிறை சென்றார். பெண்கள் எழுந்து போதிக்க அப்போதே அங்கு இடமிருந்தது. 1947இல் நோபல் அமைதிப் பரிசு இரண்டு குவேக்கர் அமைப்புகளுக்குத் தகுதியோடுதான் போனது. ஆனால் மௌனமே இந்த நெறியின் உயிர் என்பது அரை உண்மை. குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில் வழிபாடு பெரும்பாலும் பாட்டும் பிரசங்கமுமாகவே நடக்கிறது.

என் நெடுநாள் ஆட்சேபம் அந்த மௌனம் கலையும் இடத்தைப் பற்றியது. உள்ளிருந்து ஏவல் வந்தால் யாரும் எழுந்து பேசலாம் என்கிறார்கள். எது ஏவல், எது வெறும் பேச்சாசை? ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? முன்னவருக்கு மறுப்புச் சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் வழக்கம் உண்டு. புதியவர்களுக்குக் கையேடு தரும் கூடங்களும் உண்டு. ஆனால் வழக்கத்தின் நுணுக்கம் ஆண்டுக்கணக்கில் அங்கே அமர்ந்தவருக்கே பிடிபடும். எழுதிவைத்த சடங்கோடு புதியவர் வாதாடலாம். எழுதாத சடங்கோடு யார் வாதாடுவது? நிர்வாகக் கூட்டத்திலும் வாக்கெடுப்பு கிடையாது. கூடியிருப்போரின் ஒருமித்த மனம் இதுதான் என்று அதை நடத்துபவர் உணர்ந்து சொல்கிறார். மனம் ஒருமிக்காதவரை பழைய நிலையே தொடரும். பழைய நிலையால் யாருக்கு லாபமோ அவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு ஏது?

வரலாறு இதற்குச் சாட்சி. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக மனு எழுதினார்கள். ஒரு குவேக்கர் சபை அதை அடுத்த சபைக்குத் தள்ளியது. கடைசியில் ஆண்டுப் பேரவை கிடப்பில் போட்டது. குவேக்கரான பெஞ்சமின் லே வழிபாட்டின் நடுவே எழுந்து அடிமை வைத்திருந்த சகோதரர்களைக் கண்டித்தார். அவரை வெளியேற்றினார்கள், 1738இல் சங்கத்திலிருந்தே விலக்கினார்கள். அடிமைகளை வைத்திருக்கவே கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுப் பேரவை விதித்தது 1776இல். மனு எழுதி 88 ஆண்டுகள் கழிந்திருந்தன. அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் ஜான் உல்மனின் பொறுமைதான் மனங்களை மாற்றியது என்பார்கள். உண்மைதான், அவர் வீடுவீடாகச் சென்று அடிமை வைத்திருந்தவர்களிடம் நேருக்கு நேர் பேசினார். மௌனம் தானாக அதைச் செய்துவிடவில்லை.

அதன் பிறகும்? 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவின் ஆர்ச் தெருக் குவேக்கர் கூடத்தில் கறுப்பினத்தவர் உட்காரத் தனி பெஞ்சு இருந்ததைக் கறுப்பின ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பெஞ்சைச் சுற்றி நிலவியதும் இதே புனித அமைதிதான்.

முதன்முறை போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், அமர்ந்திருங்கள். அங்கே யார் எழுந்து பேசுகிறார்கள், யார் ஒருநாளும் எழுவதே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சமத்துவத்தைப் பற்றி எழுதுங்கள்.