பனிச்சரிவும் ஒரு சிறு குடிலும்

மலையின் மாட்சியைக் கண்டு இறைவனைப் போற்றுவது எளிது. அதே மலையின் பனி சரிந்து மனிதரைப் புதைக்கும்போது அந்த மாட்சியை எந்தக் கண்ணால் காண்பது? இவ்வினாவை எழுப்பும் இரண்டு ஓவியங்கள் இலண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமைகளாக உள்ளன.

முதலாவது, பிலிப் ஜேம்ஸ் டி லூதர்பர்க் 1803இல் தீட்டிய ஆல்ப்ஸ் பனிச்சரிவு. நாடக அரங்குகளுக்குக் காட்சித் திரைகள் அமைத்துப் புகழ்பெற்றவர் இவர். அந்தக் கைத்திறன் இங்கும் தெரிகிறது. பனி பேருருக்கொண்டு இறங்குகிறது; கீழே சின்னஞ்சிறு மனிதர்கள் அஞ்சி நடுங்குகின்றனர். எங்கே நோக்க வேண்டும், எவ்வாறு நடுங்க வேண்டும் என்பதை அவர்களே நமக்குக் கற்பித்துவிடுகின்றனர். நாமோ அரங்கின் இருக்கையில் பத்திரமாக அமர்ந்திருக்கிறோம். ஆபத்து நம்மைத் தீண்டாத தொலைவில் நிற்குமானால் அச்சமும் ஒருவகை இன்பம் தரும் என எட்மண்ட் பர்க் 1757இல் எழுதினார். அக்கருத்துக்கு இவ்வோவியம் தக்க சான்று.

இரண்டாவது, டர்னர் 1810இல் காட்சிக்கு வைத்த ‘கிரிசன்ஸில் பனிச்சரிவின் வீழ்ச்சி’. 1808 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் கிரிசன்ஸ் பகுதியில், செல்வா என்னும் சிற்றூரில் பனி சரிந்து ஒரே குடிலில் 25 பேர் மாண்டனர். அச்செய்தி இவ்வோவியத்திற்குத் தூண்டுகோலாக இருந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். டர்னர் அதை நேரில் கண்டவரல்லர். 1802இல் ஆல்ப்ஸ் மலைகளில் பயணம் செய்த பட்டறிவே அவருக்கு முதல்.

இப்படத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. கரிய வானமும் வெண்பனியும் ஒன்றையொன்று வெட்டிச் சாய்கின்றன. பனியோடு உருண்டு வந்த பெரும்பாறை ஒரு சிறு குடிலின் மீது விழுகிறது. முதற்பார்வையில் அக்குடில் கண்ணிற்படுவதே அரிது. கண்டபின் வேறெதையும் காண இயலவில்லை. நமக்காக அழுவதற்கு அங்கே எவரும் நிறுத்தப்படவில்லை. ஆகவே அழுகையும் அச்சமும் நம் பொறுப்பாகின்றன. லூதர்பர்க் அச்சத்தைக் காட்டினார். டர்னர் இழப்பைக் காட்டினார். இதனால்தான் இரண்டாவதை உயர்ந்த படைப்பு என்கிறோம்.

எனினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. டர்னர் குடிலின் கதவைத் திறப்பதில்லை. உள்ளே இருப்போர் நம் கற்பனைக்கு விடப்படுகின்றனர்; கற்பனையோ விரைவில் களைத்துவிடும். உறைபனியின் அடியில் ஒரு வலுவற்ற அடுக்கு உடைந்தால் போதும், சரிவு முழுவதும் நொடிப்பொழுதில் பெயர்ந்துவிடும். புதையுண்டோருள் பெரும்பாலோரை ஏறக்குறைய முதல் கால் மணி நேரத்திற்குள் உயிருடன் மீட்கலாம். அதன்பின் நம்பிக்கை விரைந்து தேய்கிறது. நாம் ஓவியத்தின் முன் நின்று வியக்கும் கால அளவும் ஏறத்தாழ அதுவே. வியப்பவனின் கால் மணியும் மூச்சுத் திணறுபவனின் கால் மணியும் ஒன்றாகுமா?

மலையை வேறுவிதமாக நோக்கியவர்களும் உண்டு. 1802இல் டர்னர் கடந்து சென்ற வழிகளுள் ஒன்று, 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய புனித பெர்னார்து கணவாய். அங்கே 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்து நிறுவிய விடுதியின் அகுஸ்தீன் சபைத் துறவியர், வழிதவறிய பயணிகளைப் பனிப்புயலில் தேடிச் சென்றனர். மலையின் மாட்சியை அவர்களைவிட அறிந்தவர் யார்? ஆனால் அவர்களின் பார்வை கைகளில் முடிந்தது. தாமும் மலையேறியவரான திருத்தந்தை பதினோராம் பயஸ், 1923இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஓரேபு மலையில் எலியாவின் முன் பாறைகளைப் பிளக்கும் காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்து சென்றன. ஆண்டவர் அவற்றில் இல்லை. மெல்லிய ஒலியே எலியாவை அடைந்தது. இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன்பின் நிகழ்ந்ததைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: அங்கு என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் அவரை வினவினார், பின்னர் வந்த வழியே திருப்பியனுப்பி, செய்ய வேண்டிய பணியை அவர் கையில் ஒப்படைத்தார்.

டர்னரின் குடில் முன் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அவ்வினா உரியது.