குடேரியன்: தன் கதையைத் தானே எழுதிக்கொண்ட தளபதி

ஜெர்மன் டாங்கிப் படையைப் பற்றி இணையத்தில் எந்த மூலையிலிருந்து தேட ஆரம்பித்தாலும், கடைசியில் ஹைன்ஸ் குடேரியன் வாசலில்தான் போய் நிற்போம். மின்னல்வேகப் போரின் தந்தை, ஹிட்லரையே எதிர்த்துப் பேசியவர், அரசியல் ஒட்டாத சிப்பாய் என்று மூன்று பட்டங்கள். இவை பரவியதற்குப் பெரிய காரணம் அவரே எழுதிய நினைவுக்குறிப்பு. 1951இல் ஜெர்மனில் வந்தது. அடுத்த வருஷமே ‘பான்சர் லீடர்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில். இரண்டாம் தடவையாக இப்போது படித்து முடித்தேன். நல்ல புத்தகம். சிக்கலே அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் அவர் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர். எல்லாரும் டாங்கியின் இரும்பையும் பீரங்கியையும் பார்த்தபோது, மனுஷன் ரேடியோவைப் பார்த்தார். பேச முடியாத டாங்கி தனி ஆள்; பேச முடிந்தால் அது படை. 1940இல் பிரான்ஸிடம் இருந்த ‘ஷார் பி1’, ‘சோமுவா’ டாங்கிகளின் கவசம் ஜெர்மன் டாங்கிகளைவிடத் தடிமன். ஆனால் பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் ரேடியோ கிடையாது. ஒற்றை ஆள் கோபுரத்துக்குள் டாங்கியின் தலைவரே குண்டு போட்டு, குறி பார்த்து, சுட்டு, உத்தரவும் கொடுக்க வேண்டும். குடேரியனின் படை மே 13 அன்று செடான் அருகே மியூஸ் நதியைக் கடந்தது. மே 20இல் அப்வில் வந்துவிட்டது. அங்கிருந்து ஆங்கிலக் கால்வாய் கூப்பிடு தூரம். நடுவில், மே 17 அன்று, மேலதிகாரி க்ளைஸ்ட் ‘நில்’ என்றார். இவர் ராஜினாமா செய்கிறேன் என்றார். பிறகு ‘பலத்தோடு வேவு பார்க்கலாம்’ என்று அனுமதி கிடைத்தது. ரேடியோவில் பேசினால் மேலிடம் ஒட்டுக்கேட்டுவிடும் என்று, பின்னால் தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டே முன்னேறினார். இந்தப் பக்கங்களைச் சிரிக்காமல் படிக்க முடியாது.

சரி, ‘தந்தை’ பட்டம்? பான்சர் படையைக் கட்டியபோது குடேரியனுக்கு மேலே ஓஸ்வால்ட் லூட்ஸ் இருந்தார். 1920களிலேயே டாங்கிப் போர் பற்றி எர்ன்ஸ்ட் ஃபோல்க்ஹைம் எழுதிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் லுட்விக் பெக் முட்டுக்கட்டை போடும் கிழவராக வருகிறார். முதல் மூன்று பான்சர் டிவிஷன்கள் அமைந்த 1935இல் ராணுவத் தலைமையகத்தின் தலைவரே அந்த பெக்தான். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர் லிடல் ஹார்ட்டிடமிருந்துதான் கவசப் படையின் அடிப்படைகளைக் கற்றதாக ஆங்கிலப் பதிப்பில் ஒரு பத்தி இருக்கிறது. ஜெர்மன் பதிப்பில் அது இல்லை. அப்படி ஒரு பத்தி சேர்க்கும்படி லிடல் ஹார்ட்டே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. கொடுக்கல் வாங்கல் புரிகிறது, இல்லையா?

அடுத்தது ரஷ்யா. 1941 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரை நேரில் பார்த்து, மாஸ்கோவை நோக்கிப் போகவேண்டும் என்று வாதாடினார். ஹிட்லர் மறுத்தார். இவர் தெற்கே திரும்பி கீவ் முற்றுகையில் கலந்துகொண்டார். ஜெர்மன் கணக்கில் 6 லட்சத்துக்கும் மேல் கைதிகள். பிறகு மாஸ்கோவுக்குத் தெற்கே துலாவில் மாட்டிக்கொண்டு, சொல்லாமல் பின்வாங்கி, டிசம்பர் 26இல் பதவி போயிற்று. ‘என் பேச்சைக் கேட்டிருந்தால்’ என்பதுதான் இந்தப் பகுதியின் பல்லவி. ஆனால் தேய்ந்த எஞ்சின்கள், வராத எரிபொருள், வராத குளிர் உடை, அக்டோபரில் ம்ட்சென்ஸ்க்கில் டி-34கள் கொடுத்த அடி எல்லாம் அவரே எழுதியவை. அவற்றோடு, பக்கவாட்டில் 6 லட்சம் எதிரிகளை விட்டுவிட்டு எப்படி மாஸ்கோ போயிருப்பார்? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது தற்பெருமை. தளபதிகள் எழுதினால் அது இருக்கும், மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறு.

சோவியத் படைகளின் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுக்கொல்லச் சொன்ன ‘கமிஸார் உத்தரவு’ தன் படைக்கு வந்து சேரவே இல்லை என்கிறார். அவருடைய படைப் பிரிவுகளே சுட்டதாக அனுப்பிய அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கீவ் கைதிகளை எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். அந்தப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் வீரர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள்.

ஹிட்லர் பதவியைப் பறித்தாரே தவிர, மாதாமாதம் ரகசியமாகக் கொடுத்த 2,000 ரைக்ஸ்மார்க்கைப் பறிக்கவில்லை. ஜெர்மனி விழுங்கிய போலந்துப் பகுதியில், டைபன்ஹோஃப் என்ற பண்ணையையும் கொடுத்தார். மதிப்பு 12 லட்சம் ரைக்ஸ்மார்க்குக்கு மேல். புத்தகத்தில் டைபன்ஹோஃப் வருகிறது, ஒரு வீடாக. யாருடைய நிலம், அவர்கள் எங்கே போனார்கள் என்பது வருவதில்லை.

1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. மறுநாளே குடேரியன் ராணுவத் தலைமையகத்தின் பொறுப்புத் தலைவர் ஆனார். ஜூலை 29இல், தலைமையக அதிகாரி ஒவ்வொருவரும் நாஜிக் கொள்கை வழிகாட்டியாகவும் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். சதியில் சிக்கிய அதிகாரிகளை ராணுவத்திலிருந்து நீக்கி, நாஜிகளின் ‘மக்கள் நீதிமன்ற’த்துக்குத் தள்ளிவிட்ட ‘கௌரவ மன்றத்தில்’ ருன்ட்ஷ்டெட், கைட்டல் ஆகியோரோடு இவரும் உட்கார்ந்தார். அங்கே போனவர்களில் பலருக்குக் கிடைத்தது தூக்குக் கயிறு. வேண்டாவெறுப்பாகப் போனேன் என்று புத்தகத்தில் ஒதுங்கிக்கொள்கிறார். அரசியல் ஒட்டாத சிப்பாய் இவர்தான்!

இது எப்படி இத்தனை நாள் செல்லுபடியானது? புத்தகம் வந்த காலத்தைப் பாருங்கள். பனிப்போர். மேற்கு ஜெர்மனிக்குப் புதிய ராணுவம் வேண்டும், 1955இல் வந்தும்விட்டது. ரஷ்யாவோடு மோதிய அனுபவம் இந்தத் தளபதிகளிடம்தான் இருந்தது. போரில் தோற்றதற்கும் கொடுமைகளுக்கும் ஹிட்லரும் எஸ்.எஸ்.ஸும் காரணம், ராணுவம் சுத்தம் என்ற கதை எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஜெர்மன் பொதுமக்கள் நடுவில் அந்தக் கதை பலமாக ஆட்டம் கண்டது 1995இல், ஹாம்பர்க் ஆய்வு நிறுவனம் ராணுவத்தின் குற்றங்களைக் கண்காட்சியாக வைத்தபோதுதான்.

புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். செடான் அத்தியாயத்துக்காகவே படிக்கலாம். கூடவே ரஸ்ஸல் ஹார்ட் 2006இல் எழுதிய குடேரியன் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிகள் ஓடும் பக்கங்களில் அவரை ஓரளவு நம்பலாம். டாங்கிகள் போய்ச் சேர்ந்த ஊர்களில் பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.