திரை விலக்கிய பாட்டு

பாரதிதாசனின் 'புரட்சிக்கவி'யின் கதை முழுவதும் ஒரு திரைச்சீலையை நம்பி நிற்கிறது. மகள் அமுதவல்லிக்குக் கவிதை கற்றுத்தர உதாரன் என்ற கவிஞனை அமர்த்துகிறான் அரசன். இருவரும் இளம் வயதினர். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அரண்மனைக்குக் கவலை. அமைச்சர் வழி சொல்கிறார். ஆசிரியருக்குக் கண் தெரியாது என்று பெண்ணிடம் சொல்லிவிடுவோம்; பெண்ணுக்குப் பெருநோய் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுவோம்; நடுவே ஒரு திரையும் கட்டிவிடுவோம். ஆக, பெண்ணின் ஒழுக்கத்தைக் காக்க அந்த அரண்மனை செய்யும் முதல் காரியமே இரண்டு பொய் சொல்வதுதான். பாரதிதாசன் இதை எடுத்துச் சொல்லிக் குத்திக்காட்டுவதில்லை. கதையை நடத்திக்கொண்டு போகிறார், நமக்குத் தானாகவே உறைக்கிறது.

பிறகு அந்த முழுநிலவு இரவு. உதாரன் வானத்தைப் பார்க்கிறான், பாட்டு வருகிறது. நிலவைப் பெண்ணாக, வான நீலத்தை அவள் ஆடையாகக் காணும் அந்த எண்சீர் விருத்தங்கள் தமிழில் நிலவைப் பற்றி வந்தவற்றில் முதல் வரிசையில் நிற்பவை. வாய்விட்டுப் படித்தால், ஒவ்வொரு அடியும் பாதியில் சற்றே மூச்சு வாங்கி, அடுத்த பாதியில் தாவுவது காதுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த விருத்தங்களைவிடவும் பிடித்தது அவற்றைக் கேட்பவள் செய்யும் காரியம். திரைக்கு இந்தப் பக்கம் அமுதவல்லி யோசிக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவன் இப்படிப் பாட முடியுமா? கண்ணால் காணாமல் இந்த உவமை எப்படி வரும்? காதலியாக ஆவதற்கு முன்பே அவள் நல்ல வாசகியாக இருக்கிறாள். பொய்யைக் கண்டுபிடிப்பது அவளுடைய கவிதை ரசனை. எட்டிப் பார்க்கிறாள். அவன் கண்கள் நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவனும் திரும்பிப் பார்க்கிறான். நோயின் சுவடே இல்லாத முகம்.

அதற்குப் பிறகு தயங்குபவன் அவன். அரசனுக்கு அஞ்சுகிறான், அவளுடைய நிலையையும் தன் நிலையையும் நினைத்துப் பின்வாங்குகிறான். வாதாடி வெல்பவள் அவள். 1937இல், ஒரு பெண் தன் விருப்பத்தைத் தானே முதலில் சொல்லி, ஆணின் அச்சத்தையும் தீர்த்துவைப்பதாக எழுதியது பலரை முகம் சுளிக்க வைக்கப் போதுமானது. அதைப் படிப்பவர் முகம் சுளிக்க நேரம் இல்லாதபடி பாட்டு அவரை இழுத்துக்கொண்டு போகிறது. பாரதிதாசனின் தொழில் நுட்பம் என்று நான் சொல்வது இதைத்தான். இன்பத்தின் வழியாக உள்ளே புகுந்த கருத்தை வெளியேற்றுவது எந்தத் தடைச் சட்டத்துக்கும் எளிதல்ல.

கதை அவருடைய சொந்தக் கதை அல்ல. பில்ஹணரைப் பற்றி வழங்கும் பில்கணீயத்தின் தழுவல். பில்ஹணர் 11ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரப் புலவர். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையில் இருந்தவர். அவர் பெயரால் வழங்கும் 'சௌரபஞ்சாசிகா' ஐம்பது செய்யுள்கள் கொண்டது. திருட்டுக் காதலில் தான் கூடிய பெண்ணை ஒருவன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறான்: கலைந்த கூந்தல், அயர்ந்த கண், நகக்குறி. ஐம்பதும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. சாவு நெருங்கும்போதும் வருந்தாமல், அந்த இரவுகளையே மறுபடி மறுபடி சுவைக்கும் பாட்டு அது. செவிவழிக் கதையில், அந்தக் காதலுக்காகக் கொலைத்தண்டனை பெற்ற புலவர் பாடிய அதைக் கேட்டு மனம் இளகிய, பெண்ணின் தந்தையான மன்னன் தண்டனையை நீக்கிப் பெண்ணையும் கொடுத்துவிடுகிறான்.

இந்தப் பாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு நிர்வாகத்தில் அதிகாரியாக இங்கே வாழ்ந்து, தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்த எதுவார் ஏரியல்தான் 'சௌரபஞ்சாசிகா'வைப் பதிப்பித்துப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, 1848இல் பாரிசின் 'ஜூர்னால் ஆசியாத்திக்' ஆய்விதழில் வெளியிட்டார். திருக்குறளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோக முயன்ற அதே ஏரியல். அறத்துப்பாலையும் களவின்பத்தையும் அவர் கை ஒதுக்கிப் பிரிக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே ஊரின் தமிழாசிரியர் ஒருவர் அந்தக் கதையைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் முடிவை மாற்றினார். மன்னன் மனம் இளகவில்லை. கொலைக்களம். கடைசியாகச் சில சொல் பேச உதாரனுக்கு அனுமதி கிடைக்கிறது. அவன் மன்னனிடம் பேசவே இல்லை; சுற்றி நிற்கும் கூட்டத்திடம் பேசுகிறான். பெரியோர், தாய்மார், இளையோர் என்று உறவு சொல்லி அழைத்துத் தொடங்குகிறான். காடு திருத்தியவர் யார், வயலைப் படைத்தவர் யார், இந்த நாடு யாருடைய உழைப்பு என்று கேட்டுக்கொண்டே போகிறான். காதலித்த குற்றத்துக்கு வந்த தண்டனையிலிருந்து, தண்டிக்கும் அதிகாரம் ஒருவனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பேச்சு நகர்ந்துவிடுகிறது. கூட்டம் பொங்குகிறது. அரசன் ஓடுகிறான். நாடு மக்களுடையதாகிறது. கட்டிலறையில் தொடங்கிய ஒரு வம்பு, முடியாட்சி ஒழிவதில் போய் முடிகிறது.

அதே 1937இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் 'அம்பிகாபதி' ஓடத் தொடங்கியது. எல்லிஸ் டங்கன் இயக்கம், எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிப்பு. அதுவும் கவிஞன், அரசகுமாரி, தண்டனை என்ற கதைதான். நூறு பாட்டும் சிற்றின்பம் கலக்காமல் பாடி முடித்தால் உயிர் பிழைக்கலாம். எண்ணிக்கை பிசகி, ஒரு பாட்டு குறைய, காதலியைப் பாடிவிட்டுச் செத்துப்போகிறான் கம்பர் மகன். காலங்காலமாக நமக்குச் சொல்லப்பட்ட கதை அது. கேட்டு அழுதோம், கொலைவாளை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரே ஆண்டில் தமிழர் முன் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் கவிஞன் சாகிறான், மற்றதில் அரசன் போகிறான்.

இந்த இரண்டாவது முடிவு புதுச்சேரியில் எழுதப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் தடை செய்யப்பட்ட நூல்களைப் பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் விரிவாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் நகரில் இருந்த ஓர் அச்சகத்தின் கடிதக் கட்டுகளை ஆண்டுக்கணக்கில் படித்தவர். எல்லைக்கு அப்பால் அச்சாகி, மலைப்பாதை வழியே மூட்டையாகப் பிரான்சுக்குள் போன அந்தப் புத்தகங்களில் அரசனைக் கண்டித்த நூலும் மதகுருவைக் கேலி செய்த நூலும் படுக்கையறைக் கதையும் ஒரே பட்டியலில், ஒரே ரகசியப் பெயரில் விற்றன. வாங்கியவர்களும் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. புனிதம் என்று சொல்லப்பட்ட உடம்புகள் எல்லாம் சாதாரண உடம்புகளே என்று கதையில் படித்துச் சிரித்தவர்கள், அரசனின் உடம்பும் அப்படித்தானே என்று நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? 1789 புரட்சிக்கு அந்தப் புத்தகங்கள்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயபக்தி தளர்ந்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

நெஷாத்தெல் பிரான்சுக்கு எப்படியோ, சென்னை மாகாணத்துக்குப் புதுச்சேரி அப்படி. 1908இல் பாரதி இங்கே வந்து 'இந்தியா' இதழை நடத்தினார். இங்கிருந்தபோது அவர் எழுதிய 'ஆறில் ஒரு பங்கு' கதையையும் 'கனவு' என்ற தன்வரலாற்றுப் பாட்டையும் 1911இல் சென்னை அரசு தடை செய்தது. 1909இல் தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்த சுப்புரத்தினம், அதாவது பாரதிதாசன், அந்தப் பாரதியின் கூடத்தில் அமர்ந்து வளர்ந்தவர். பின்னாளில் அவருடைய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் மேடையேறி, 1948இல் சென்னை அரசின் தடைக்கு ஆளானது. அப்போதும் புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின்கீழ்தான் இருந்தது.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 'இரணியன்' அன்றைக்கு மிகப் பெரிய அதிர்ச்சி. பிரகலாதன் கதையைத் தலைகீழாக்கி இரணியனை நாயகனாக்கிய துணிவு சாதாரணமானதல்ல. ஆனாலும் இன்று படிக்கும்போது அந்த நாடகத்தின் வாதம் மட்டும்தான் கையில் மிஞ்சுகிறது. எதிராளியின் வாதம் ஓய்ந்த காலத்தில் அதுவும் சூடு தணிந்துவிட்டது. 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' அப்படியல்ல. 1930இல் வந்த நூல். அதிலும் இராமாயணக் கதையின்மீது நேரடித் தாக்குதல் இருக்கிறது. ஆனால் தாக்குபவள் வஞ்சி என்ற பெண். முத்தம் கேட்டுக் கெஞ்சும் குப்பனை, மூலிகை பறித்துத் தந்தால்தான் ஆயிற்று என்று மலையேற்றிவிடுகிறாள். உலகத்தார் பேசுவதைக் காதில் கேட்கவைக்கும் மூலிகை அது. கேட்கும்போது அனுமன் மலையைப் பெயர்க்கிறான் என்று பாகவதர் கதை சொல்லும் குரல் வருகிறது, தாம் நிற்கும் மலைதான் ஆடுகிறதென்று குப்பன் நடுங்குகிறான், வஞ்சி சிரிக்கிறாள். முத்தத்தின் ஆசையையும் பகுத்தறிவின் பாடத்தையும் ஒரே மலைச்சரிவில் ஏற்றிவிட்ட அந்தக் கற்பனை, பலாச்சுளைக்குள் கொட்டை இருப்பதுபோல, கருத்தை இனிப்புக்குள் வைத்திருக்கிறது. பெரியாரின் மேடைப் பேச்சில் கேட்டால் எழுந்து போயிருக்கக்கூடியவர்கள்கூட வஞ்சியின் பேச்சைக் கடைசிவரை கேட்டிருப்பார்கள்.

இன்னும் துணிச்சலான ஒன்று 'தவிப்பதற்கோ பிள்ளைகள்?' என்ற சிறு கவிதை. பசிக்கும் வீட்டில் பிள்ளை மேல் பிள்ளை பிறப்பதைச் சொல்லி, காதலுக்கு வழி திறந்திருக்கட்டும், கருவுக்கு வழியை அடைத்துவிடலாம், அதில் என்ன தவறு என்று கேட்கிற பாட்டு. இதை எழுதியவர் பிரெஞ்சு அரசிடம் சம்பளம் வாங்கிய ஆசிரியர். அந்தப் பிரான்சில் 1920 ஜூலை 31இல் வந்த சட்டம் கருத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கியிருந்தது. 1967இல் நியூவிர்த் சட்டம் வந்த பிறகுதான் அங்கே கருத்தடை சட்டப்படி செல்லுபடியானது. சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த நாடு வாய் மூடியிருந்த விஷயத்தில், அதன் கடற்கரைக் குடியேற்றம் ஒன்றின் வாத்தியார் விருத்தம் பாடினார். அந்தப் பாட்டில் என்னை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. கணவன் மனைவி ஆசையை அவர் குறைத்துப் பேசவில்லை. அடக்கிக்கொள் என்று ஏழைகளுக்குப் புத்தி சொல்லும் பழைய பாதையில் அவர் போகவே இல்லை. இன்பம் அவர்களுடைய உரிமை, அதன் பெயரால் வரும் துயரம் மட்டும் நீங்கட்டும் என்கிறார். பிற்காலத்தில் ஊரெல்லாம் சுவரில் எழுதப்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு வாசகங்களில் இந்த அன்பு இல்லை.

அவர் கேட்டவற்றில் பல இன்று சட்டமாக நிற்கின்றன. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967இல் தமிழ்நாட்டில் சட்டப்படியான திருமணமாயிற்று, பிறகு புதுச்சேரியிலும். கைம்பெண் மணத்தைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகள் அன்றைக்குக் குடும்பங்களைப் பிளந்தன. இன்று மேடையில் பாடினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். புதுச்சேரி அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிப்பது அவருடைய பாட்டுதான். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இலக்கியம் தேடிப் புதுவைக்கு வருபவர்கள் கடற்கரையையும் பாரதி வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அங்கேயும் போக வேண்டும்.

நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் வந்து சேர்கின்றன. போத்லேரின் 'தீமையின் மலர்கள்' தொகுப்பிலிருந்து ஆறு கவிதைகளை 1857இல் பாரிஸ் நீதிமன்றம் நீக்கச் சொன்னது; அந்தத் தீர்ப்பு ரத்தானது 1949இல். அதற்குள் அந்த ஆறையும் நெஞ்சில் வைத்திருந்த எத்தனையோ கவிஞர்கள் பிறந்து எழுதி மறைந்துவிட்டார்கள். சட்டம் மாறுவதற்கு வெகுகாலம் முன்பே வாசகர் மனம் மாறிவிடுகிறது. அதை மாற்றியது அறவுரை அல்ல, ஒரு நல்ல விருத்தத்தின் ஓசை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பாரதிதாசனைப் படிக்கும் பெண்கள் சிலர் 'குடும்ப விளக்'கைக் காட்டிக் குறை சொல்வார்கள். விடியலில் எழுந்து இரவு வரை வேலை செய்யும் தங்கத்தைப் போற்றியவர், அமுதவல்லியையும் வஞ்சியையும் படைத்தவரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த முதல் பகுதியின் அழகு எவ்வளவு இருந்தாலும், அதில் தங்கத்தின் களைப்பு பாட்டுக்குள் வருவதில்லை. ஆனால் ஐந்தாம் பகுதிவரை படிக்கச் சொல்வேன். அதன் பெயர் 'முதியோர் காதல்'. தங்கமும் மணவழகரும் கிழவி கிழவர் ஆகிவிட்டார்கள். மனைவியின் உடல் உலர்ந்து தளர்ந்ததை மணவழகர் மறைக்காமல் சொல்கிறார். அப்படியிருந்தும் அவளை விட்டு அகலாத தன் மனத்தையும் சொல்கிறார். நம் காவியங்களில் காதலர் மூப்படைவதே இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குக் காதல் என்று ஒன்று உண்டென்று ஒரு முழுப்பகுதி எழுதியது, என் கணக்கில், கொலைக்களப் பேச்சுக்கு இணையான துணிவு. அந்தத் துணிவை மட்டும் தமிழ்ச் சமூகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. துணையை இழந்த அறுபது வயதுக்காரர் மறுமணம் என்று வாயைத் திறந்தால், சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட பிள்ளைகளே முதலில் எதிர்த்து நிற்கிறார்கள்.